ஆறு கம்பியும் ஏரிக்காற்றும்: திருவிழா மேடையில் தாக்குப்பிடிக்கும் கிட்டார் எது?

இரவு ஒன்பதே முக்கால். காஞ்சிபுரம் வட்டாரத்துத் தாமல் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயவில்லை. ஜெனரேட்டர் ஒருபுறம் உறும, குழந்தைகள் பீப்பி ஊதுகிறார்கள். மேடைக்குப் பின்னால், தார்ப்பாய் மறைவில், மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரர் கருவியின் தோள் வளைவில் காதை அழுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகச் சுண்டுகிறார். இந்த இரைச்சலில் கம்பியின் குரல் மரத்தின் வழியாகத்தான் அவருக்குக் கேட்கும். வயது இருபத்து நான்கு. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. பகலில் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை, இரவில் கச்சேரி.

மாலை ஆறு மணிக்குச் சேர்த்த சுருதி இப்போது இல்லை. அப்போது வெயிலில் காய்ந்த மேடை. பனி இறங்கியதும் மரம் ஈரத்தைக் குடித்துவிட்டது, கம்பிகள் குளிர்ந்து இறுகிவிட்டன. சுருதி மேலே ஏறிப் போயிருக்கிறது.

"அடுத்து, இளைய நிலா!" என்று அறிவிப்பாளர் சொன்னதுமே கூட்டத்தில் விசில் பறக்கிறது. 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு. நாற்பது ஆண்டுகள் கடந்தும் மெல்லிசைக் குழுக்களின் பட்டியலிலிருந்து இறங்காத பாட்டு. அதில் கிட்டார் ஓரமாக நிற்கிற கருவி அல்ல, பாட்டின் வாசலே அதுதான். இளைஞர் தொடங்குகிறார். சில நொடிகள் எல்லாம் சரியாகப் போகிறது. பிறகு ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து அடிவயிற்றைக் கலக்கும் ஓர் ஊளை. சவுண்டுகாரர் அவசரமாக ஃபேடரை இறக்குகிறார். கிட்டார் காணாமல் போகிறது. கீபோர்டுகாரர் அடுத்த கணமே கிட்டார் டோனுக்கு மாறி மிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறார். பாட்டு நிற்கவில்லை, கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இளைஞரின் விரல்கள் மட்டும் சத்தமில்லாத கம்பிகளின் மேல் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தன.

கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது அவர் கேட்டார்: "அண்ணா, இத மாத்திடலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனிணா எடுக்கலாம்?"

இருபது வருட மேடை கண்ட கீபோர்டுகாரர் நிமிர்ந்து பார்த்தார். "கம்பெனி அப்புறம் பாத்துக்கலாம்பா. நீ எங்க வாசிக்கப் போற? ஏசி ஹால்லயா, ஏரிக்கரையிலயா? அத முதல்ல சொல்லு."

மேடையில் வாசிக்கிற ஒவ்வொருவரும் கடை ஏறுவதற்கு முன் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதில்லை. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை கிட்டாரின் விலையைவிட அதிகம்.

ஒரே கிட்டார், மூன்று வானிலை

வெளியிலிருந்து வந்த கருவியை நம் காதுக்குப் பழக்கிக்கொள்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பாலுஸ்வாமி தீட்சிதர். மாண்டலினை நம் கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர் யு. ஸ்ரீநிவாஸ். கிட்டாரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது திரைப்பாட்டு. பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். இசையமைப்பாளர் ஆவதற்கு முன் பிறர் இசைக்குக் கிட்டார் வாசித்தவர். அவர் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் கையில் அந்த மரப்பெட்டி தானாக ஏறிக்கொண்டது.

காஞ்சிபுரம் வட்டாரக் கிராமங்களில் இன்று அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மூன்று மேடைகள். ஆடி மாதக் கூழ்வார்த்தல், தீமிதி, பங்குனித் திருவிழா என்று திறந்தவெளி மேடை ஒன்று. ஞாயிறு ஆராதனை நடக்கும் தேவாலயம் இன்னொன்று. கல்யாண வரவேற்பு நடக்கும் ஏசி மண்டபம் மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று வானிலை, மூன்றுக்கும் போவது ஒரே கிட்டார். வெள்ளிக்கிழமை ஏரிக்காற்றில் ஊறி, சனிக்கிழமை ஏசியில் உலர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக்கூரையின் கீழ் வேகிறது.

பலகை குடிக்கும் ஈரம்

கிட்டாரின் முகப்புப் பலகை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனம்தான். அதன் மேல் ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய 70 கிலோ. வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அந்தப் பலகையில் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உடையாமல் காப்பவை உள்பக்கம் ஒட்டியிருக்கும் மரச்சட்டங்களும் பசையும்.

கிட்டாருக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதுவும் நீர் நிரம்பிய ஏரிக்கரையில், அந்த அளவுக்கு வாய்ப்பே இல்லை. பலகை ஈரத்தைக் குடித்து உப்புகிறது. உப்பிய பலகை, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜைத் தூக்குகிறது. பிரிட்ஜ் தூக்கினால் கம்பிக்கும் விரல்பலகைக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. "ஆக்‌ஷன் ஏறிடுச்சு" என்று வாசிப்பவர்கள் சொல்வது இதைத்தான். அழுத்த முடியாமல் விரல் நோகும், அழுத்தினாலும் சுரம் சற்று மேலே போய் நிற்கும். கத்திரி வெயிலில் கதை தலைகீழ். மரம் சுருங்க, விரல்பலகையில் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கிக்குள் கிட்டாரை வைத்தால் பசையே இளகும்.

கடைக்காரர்களும் இணையக் காணொளிகளும் அடிக்கடி சொல்லாமல் விடும் செய்தி ஒன்று இங்கே வருகிறது. கிட்டார் முகப்பு இரண்டு வகை. ஒரே மரத்தில் அறுத்த பலகை ஒன்று. 'சாலிட் டாப்' என்பார்கள். மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பலகை இன்னொன்று, 'லாமினேட்'. சாலிட் பலகையின் நாதம் ஆழமானது, வாசிக்க வாசிக்கக் கனிவது. அதில் ஐயமில்லை. ஆனால் ஈரத்துக்கு அதுவே முதலில் அசையும். ஒட்டுப்பலகையில் ஒரு தகட்டின் ரேகைக்குக் குறுக்கே அடுத்த தகட்டின் ரேகை ஓடுவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது, சட்டென்று உப்பாது.

ஆகவே வீட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் சாலிட் பலகை மேல். ஏரிக்கரைத் திருவிழா மேடைக்கு, ஒலியைப் பிடித்துப் பாக்ஸுக்கு அனுப்பும் நல்ல பிக்கப் வைத்த ஒட்டுப்பலகைக் கிட்டாரே உழைக்கும். 'லாமினேட்' என்றாலே மட்டம் என்று முகம் சுளிப்பவர்கள், நள்ளிரவுப் பனியில் வாசித்துச் சோறு தின்ன வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அல்ல.

பெட்டிச் செய்தி: ஒரே பெயர், இரண்டு கம்பெனி

• காஞ்சிபுரம் மாவட்டத்தில் யமஹா என்றால் பலருக்கும் நினைவு வருவது ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் உள்ள பைக் தொழிற்சாலை.

• இசைக்கருவி யமஹாவைத் தொடங்கியவர் டொரகுசு யமஹா. பழுதான ஓர் ஆர்மோனியத்தைச் சரிசெய்யப் போய், 1887-இல் அவர் ஜப்பானில் தொடங்கிய தொழில் அது.

• பைக் நிறுவனம் 1955-இல் தனியாகப் பிரிந்தது. இரண்டின் சின்னத்திலும் இன்றும் இருப்பவை மூன்று இசைக்கவைகள். சுருதி பார்க்கத் தட்டும் கவை. பைக்கின் டாங்கிலும் அதைப் பார்க்கலாம்.

• இசைக்கருவி யமஹாவின் தொழிற்சாலை திருப்போரூர் பக்கம் உள்ள தொழிற்பூங்காவில் 2019-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் அங்கே தயாராகின்றன. அடிக்கல் நாட்டியபோது அது காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபின் செங்கல்பட்டு.

பெயரைப் பார்க்கும் முன் தகுதியைப் பார்

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் குடவோலைக்காகப் பெருமையோடு சொல்கிறோம். பத்தாம் நூற்றாண்டின் அந்த எழுத்து, குடத்துக்குள் ஓலை போடுவதற்கு முன்பே யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று வரையறுத்துவிடுகிறது. கிட்டாருக்கும் அந்த முறையே நல்லது. மேடைக் கிட்டாருக்குத் தகுதி நான்கு: சுருதி நிற்க வேண்டும், பாக்ஸில் ஊளையிடக் கூடாது, ஈரமும் வெயிலும் தாங்க வேண்டும், கெட்டால் பக்கத்தில் சரிசெய்ய முடிய வேண்டும். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு பெயர்களுக்கு வருவோம்.

முதல் படியில் நம் நாட்டுப் பெயர்கள். கொல்கத்தாவின் கிவ்சன், ஹாப்னர் போன்றவை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முதல் கோர்டு பிடித்தது இவற்றில்தான். இணைய விற்பனைக் காலத்தில் காடென்ஸ், வால்ட் போன்ற பெயர்களும் சேர்ந்துகொண்டன. கைக்கு எட்டும் விலை இவற்றின் பெரிய பலம். பத்தாயிரத்துக்கு வெகு கீழே வாங்கும் எந்தக் கிட்டாரிலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: கழுத்துக்குள் வளைவைத் திருத்தும் இரும்புக்கோல் இருக்கிறதா? 'ட்ரஸ் ராட்' என்பார்கள். அது இல்லாத கழுத்து ஒருமுறை வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு.

அடுத்த படி, மேடைக்காரர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடம். யமஹாவின் எஃப் 280, எஃப் 310 இரண்டும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய ஒட்டுப்பலகைக் கிட்டார்கள். பத்தில் எட்டுக் குழுவில் இவற்றில் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று வாசிப்பவர்கள் சொல்லும் அளவுக்குப் பரவியவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தரம் அதிகம் மாறாது என்பதே இவற்றின் நற்பெயருக்குக் காரணம். அந்நிறுவனத்தின் எஃப்ஜி வரிசை 1966-இலிருந்து வருகிறது. அதில் எஃப்ஜி 800-க்கு ஸ்ப்ரூஸ் மரத்தின் சாலிட் முகப்பு. ஏபிஎக்ஸ் வரிசை 1987-இல் மேடைக்கென்றே பிறந்தது. உடம்பு மெலிந்தது, பிக்கப் உள்ளேயே இருக்கிறது. உடம்பு மெலிந்தால் உள்ளே அடைபட்ட காற்றின் முழக்கம் குறையும், ஊளையும் குறையும். பாக்ஸ் இல்லாமல் வெறுமனே வாசித்தால் கொஞ்சம் ஒல்லியாகக் கேட்கும். பாக்ஸ் வழியே கேட்டால் அந்த ஒல்லியே தெளிவாகிறது.

தென்கொரியாவின் கார்ட், இந்தோனேசியாவில் பெரிய ஆலை வைத்திருக்கிறது. வேறு புகழ்பெற்ற பெயர்களுக்கும் கிட்டார் செய்து கொடுக்கும் நிறுவனம் இது. தலைப்பலகையில் எழுதியிருக்கும் பெயரும் செய்த கையும் வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். ஃபெண்டரின் சிடி-60எஸ்சிஇ, சாலிட் முகப்பும் பிக்கப்பும் சேர்ந்து வருவது. தேவாலயத்திலும் மண்டபத்திலும் வாசிப்பவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

மேல் படியில் உலகம் அறிந்த பெயர்கள். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன மார்ட்டின் குடும்பம் 1833-இல் தொடங்கிய நிறுவனம், இன்று கடைகளில் நாம் பார்க்கும் பெரிய உடம்புக் கிட்டாருக்கு வடிவம் கொடுத்தது. 'ட்ரெட்நாட்' என்ற அந்த வடிவத்தின் பெயர் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். கிப்சனின் ஜே-45 1942-இல் வந்தது. அதே கிப்சன் 2018-இல் திவால் மனு கொடுத்து, அந்த ஆண்டிலேயே மீண்டது. டெய்லர் 1974-இல் பிறந்த நிறுவனம். அதன் கழுத்து திருகாணியால் பொருத்தப்படுவது. கோணம் மாறிவிட்டால் கழற்றித் திருத்தலாம் என்பதால் ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பிடித்தது. ஜப்பானின் தகமினே, பிக்கப்பைக் கிட்டாருக்குள்ளேயே வைத்துச் செய்வதில் முன்னோடி. ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் காமன் 1966-இல் கொண்டுவந்த ஒவேஷன், மர முதுகுக்குப் பதிலாகக் கண்ணாடியிழையில் வளைந்த முதுகு வைத்தது. ஹவாயின் ஈரத்தில் மரக் கருவிகள் படும் பாட்டைப் பார்த்து, கார்பன் இழையில் பிறந்த கிட்டாருக்கு ரெயின்சாங் என்று பெயர். அதற்குப் பனியும் ஒன்றே, வெயிலும் ஒன்றே.

இவற்றின் நாதம் உயர்ந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த உயர்வு ஒவ்வொரு நொடியும் கேட்கும். ஆனால் ஜெனரேட்டர் உறுமும் மைதானத்தில், பிக்கப் வழியாக, நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குப் போய்ச் சேர்வது அந்த உயர்வில் எவ்வளவு? லட்சக்கணக்கில் கடன்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது இது.

பெட்டிச் செய்தி: எந்த மேடைக்கு எது?

திறந்தவெளித் திருவிழா: ஒட்டுப்பலகை, மெலிந்த உடம்பு, உள்ளேயே பிக்கப். ஒலித்துளைக்கு ரப்பர் மூடி. பூச்சு பூசிய கம்பி விலை கூடுதல். வியர்வையிலும் பனியிலும் நாள்பட உழைக்கும்.

தேவாலயம்: சாலிட் முகப்பு, பெரிய உடம்பு. மைக் முன்னாலும் வாசிக்கலாம். ஆராதனை முடிந்ததும் பெட்டிக்குள் வைப்பது கட்டாயம்.

ஏசி மண்டபம்: சாலிட் முகப்பும் பிக்கப்பும் உள்ளது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். குளிருக்கு மரம் மெதுவாகப் பழகட்டும்.

கற்கும் பிள்ளைகள்: பத்தாயிரத்தை ஒட்டிய ஒட்டுப்பலகைக் கிட்டார். வாங்கிய அன்றே ஆக்‌ஷன் இறக்கிக் கொடுத்துவிட வேண்டும்.

ஊளை எங்கிருந்து வருகிறது?

தாமல் மேடையில் அந்த இளைஞரின் பாட்டைத் தின்ற ஊளைக்குத் திரும்புவோம். கிட்டார் ஒரு குடம் மாதிரி. வாய்ப்பக்கம் ஊதினால் குடம் எப்படி ஒரே ஒரு சுரத்தில் முழங்குமோ, அப்படிக் கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கும் சொந்தச் சுரம் ஒன்று உண்டு. பெரிய உடம்புக் கிட்டாரில் அது நொடிக்கு நூறு அதிர்வை ஒட்டி இருக்கும். வாசிப்பவர் கேட்பதற்காக மேடையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சுரம் வந்து பலகையில் மோதினால் பலகை அதிரும். அந்த அதிர்வைப் பிக்கப் பிடித்து மானிட்டருக்கே அனுப்பும். சுற்றிச் சுற்றி அது பெருகுவதுதான் ஊளை.

மருந்து மூன்று. முதலாவது, ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பது. கடையில் வாங்க முடியாதவர்கள் பழைய ஃபோம் விரிப்பை வட்டமாக வெட்டிச் செருகி ஒப்பேற்றுவதைப் பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறது. இரண்டாவது, மிக்சரில் அந்தக் கீழ்ச் சுரங்களைக் கத்தரிப்பது. சவுண்டுகாரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மூன்றாவது, மானிட்டருக்கு நேரே நெஞ்சைக் காட்டி நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்பது. காசில்லாத மருந்து இது.

பிக்கப்பிலும் வகை உண்டு. பிரிட்ஜில் எலும்புப் பட்டைக்கு அடியில் படுத்திருக்கும் பீசோ வகை தெளிவாகக் கேட்கும். ஆனால் அதன் மின்குறி மிக மெல்லியது. உள்ளே இருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி தளர்ந்தால் குரல் கரகரக்கும். ஒலித்துளையில் மாட்டும் காந்த வகை, பலகையின் அதிர்வை விடக் கம்பியின் அசைவையே பிடிப்பதால் ஊளைக்கு எளிதில் இடம் கொடுக்காது. திறந்தவெளி மேடைக்கு அது நம்பகமான துணை. மேடையிலிருந்து மிக்சர் வரை நீளமான ஒயர் போனால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வேண்டும். அது இல்லாத இடத்தில் ஜெனரேட்டரின் 'ம்ம்ம்' கிட்டாரோடு சேர்ந்து பாடும்.

பெட்டிச் செய்தி: ஈட்டி மரம், அமெரிக்கக் கிட்டார்

• மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தைத் தோதகத்தி என்றும் சொல்வோம். உலகக் கிட்டார் தொழிலில் அதற்குப் பெயர் 'இந்திய ரோஸ்வுட்'.

• பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அருகியதும், மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. புகழ்பெற்ற டி-28-இன் முதுகும் விலாவும் இந்த மரம்தான்.

• தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே வந்தது.

• அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்பாடு, 1992-இல் பிரேசில் ரோஸ்வுட்டை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. பல நிறுவனங்கள் விரல்பலகைக்கு மாற்று மரம் தேடின.

• செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் கெடுபிடி தொடர்கிறது. பழைய வெளிநாட்டுக் கிட்டாரோடு விமானம் ஏறுபவர்கள் மரம் எது என்று தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

தவறான கிட்டார் என்ன செய்யும்?

முதல் அடி விரலுக்கு. ஆக்‌ஷன் ஏறிய கிட்டாரில் மூன்று மணி நேரக் கச்சேரி வாசித்தால் இடது கை மணிக்கட்டு மறுநாள் வண்டி கிளட்சைப் பிடிக்காது. பகலில் ஆலையில் வேலை பார்க்கும் இளைஞருக்கு அது சம்பளப் பிரச்சினை. கற்கும் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். கருவியின் குறையைத் தன் குறை என்று எடுத்துக்கொண்டு, "எனக்கு வரல" என்று பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் பரணேறிய கிட்டார் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே மூன்று இருக்கின்றன. மூன்றிலும் கோளாறு கம்பி உயரம் மட்டும்தான்.

இரண்டாவது அடி வாய்ப்புக்கு. கிட்டார் ஊளையிடும் குழுவுக்கு அடுத்த திருவிழாவில் கிட்டார்காரர் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. கீபோர்டில் கிட்டார் டோன் இருக்கிறதே! ஓர் ஆள் கூலி மிச்சம். கிராமத்து மேடைகளில் கைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். கருவி காட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு இரவும், வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதரை மேடையிலிருந்து இறக்கிவிடுகிறது.

மூன்றாவது அடி கடனுக்கு. வெளிநாட்டுப் பெயருக்கு ஆசைப்பட்டு மாதத் தவணையில் வாங்கிய கிட்டார், இரண்டு மழைக்காலத்தில் பிரிட்ஜ் தூக்கி நிற்கும். தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கையில் இருபதாயிரம் இருந்தால் இருபதாயிரத்துக்கும் கிட்டார் வாங்கக் கூடாது. பன்னிரண்டாயிரத்துக்குக் கிட்டார், மிச்சத்தில் நல்ல பிக்கப், கெட்டியான பெட்டி, ஒரு செட் பூச்சுக் கம்பி, ஆக்‌ஷன் சரிசெய்யும் கூலி. இந்தப் பிரிவினையோடு போகிறவர், இருபதாயிரத்தையும் பெயருக்கே கொட்டியவரைவிட மேடையில் நன்றாகக் கேட்பார்.

நான்காவது அடிதான் ஆழமானது. மிருதங்கத்துக்குத் தோல் மாற்றவும் வார் இழுக்கவும் தெரிந்த கைகள் நம் ஊர்ப் பக்கங்களில் உண்டு. நாதஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை இருக்கிறது. 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிட்டாருக்கு? கழுத்து வளைந்தால், பிரிட்ஜ் கழன்றால், சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் லீவு, வண்டிச் செலவு, திரும்ப வாங்கி வர இன்னொரு நாள். பலர் போவதே இல்லை. ஃபெவிகால் ஊற்றி, மேலே ஒரு கல்லை வைத்து, ஒரு ராத்திரி காத்திருக்கிறார்கள். அந்தப் பசை 70 கிலோ இழுவையையும் மே மாத வெயிலையும் சேர்த்துத் தாங்குவதில்லை.

திருப்போரூர் பக்கம் கிட்டார் தயாராகிறது. தாமலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான். அங்கே மரம் இழைத்து, ஃப்ரெட் அடித்து, கம்பி கட்டிப் பார்க்கும் கைகள் நம் மாவட்டத்துக் கைகளாகவே இருக்க முடியும். செய்யத் தெரிந்த ஊருக்குப் பழுதுபார்க்கவும் தெரிய வேண்டாமா? நாதஸ்வரமும் தவிலும் வயலினும் கற்றுத்தரும் அரசு இசைப்பள்ளி காஞ்சிபுரத்தில் இருக்கிறது. தச்சு வேலை சொல்லிக்கொடுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து, இசைக்கருவி பழுதுபார்க்க ஆறு மாதப் பயிற்சி ஒன்று தொடங்கினால் போதும். ஐந்து பேர் தேறினாலும் ஐந்து ஊரில் கிட்டார் பிழைக்கும். கருவி விற்கும் நிறுவனங்களும் கடைகளும் இதற்குக் கை கொடுக்க வேண்டும். சரிசெய்ய ஆள் இருக்கும் ஊரில்தான் கிட்டார் நிறைய விற்கும்.

பெட்டிச் செய்தி: கடையில் ஐந்து நிமிடம்

பட்டு எடுக்கப் போனால் ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கும் ஊர் இது. கிட்டாரையும் அப்படிப் பாருங்கள்.

1. ஏடிஎம் கார்டு மூன்றை அடுக்கி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் நுழையுங்கள். மூன்று மட்டுமட்டாக நுழைந்தால் உயரம் சரி. நான்கு தாராளமாகப் போனால் இறக்கித் தரச் சொல்லுங்கள்.

2. தலைப் பக்கமிருந்து துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் கழுத்தைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம்.

3. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்திச் சுண்டுங்கள். 'கிர்ர்' என்று உரசும் இடம் இருந்தால் கேளுங்கள்.

4. பிரிட்ஜின் பின்னால் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டுவிட்டது.

5. பிக்கப் இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் போட்டுக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். ஆறு கம்பியும் ஒரே அளவில் கேட்க வேண்டும்.

தை மாதத்து மேடை

அந்த இளைஞர் அடுத்த வாரமே கடைக்குப் போகவில்லை. பத்துப் பன்னிரண்டு கச்சேரிக் கூலியைச் சேர்த்துக்கொண்டு மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தார். கடையில் மூன்று ஏடிஎம் கார்டுகளை எடுத்து நீட்டியபோது விற்பனையாளர் விழித்தாராம். கடைசியில் அவர் எடுத்தது மெலிந்த உடம்பும் ஒட்டுப்பலகை முகப்புமாக, உள்ளேயே பிக்கப் உள்ள ஒன்று. முதலில் ஆசைப்பட்டதன் பாதி விலை. மிச்சத்தில் கெட்டிப் பெட்டி வாங்கினார்.

தை மாதம் பாலுசெட்டிசத்திரம் பக்கம் ஒரு கச்சேரி. அன்றைக்கும் பனி. மேடைக்குப் பின்னால் அதே தார்ப்பாய், அதே ஜெனரேட்டர். கிட்டாரின் தோளில் காதை வைத்துக்கொண்டு அவர் சுருதி பார்த்தார், துளையில் ரப்பர் மூடியைச் செருகினார், மேடை ஏறியதும் மானிட்டருக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றார். அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொன்னார், விசில் பறந்தது.

கிட்டார் தொடங்கியது. சவுண்டுகாரரின் விரல் ஃபேடரின் மேல் தயாராகவே இருந்தது. கீழே இறங்கவில்லை. கீபோர்டுகாரர் கட்டைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மார்பில் கட்டிக்கொண்டு, அந்த முகப்பிசை முடியும் வரை கேட்டுக்கொண்டு நின்றார்.